சாயங்காலத்துக் கால்

திருவடியில் தொடங்கித் திருமுடியில் முடிப்பது பக்திப் பாடல்களின் மரபு. விடியலில் நீராடி, நீறணிந்து, விளக்கின் முன் அமர்ந்து அப்பாடல்களை ஓதித்தான் என் நாள்கள் தொடங்கின, இன்றும் தொடங்குகின்றன. ஆகவே ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் என் பேனா முதலில் கால்களைத்தான் தேடுகிறது. இங்கே நான் எழுதப்போகும் பெண்மணியைப் பொறுத்தவரை அது பொருத்தமும்கூட. தம் கால்களோடு இத்தனை நேர்மையாக வாழ்ந்த வேறொருவரை நான் அறிந்ததில்லை.

அகன்ற பாதங்கள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விசிறிபோல் விரிந்திருக்கும். குதிகாலில் ஒரு வெடிப்புக் கிடையாது. பினாங்கின் ஜெலுத்தோங்கில் அவர் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில், ஞாயிற்றுக்கிழமைதோறும் உப்பிட்ட வெந்நீரில் ஊறவைத்து, பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவாராம். பத்து நகங்களிலும் செந்நிறச் சாயம் பளபளக்கும். நாள் முழுவதும் காலுறைக்குள் மறைந்து கிடக்கிற நகங்களுக்குச் சாயம் எதற்கு என்று தோழியர் கேட்டால், "எனக்குத் தெரியும்லா, போதாதா?" என்பார்.

வயதில் எனக்குப் பதினாறு ஆண்டுகள் இளையவர். ஆயினும் 'அவள்' என்று எழுதக் கை வரவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், மின்னணுச் சில்லுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் வேலை பார்த்தோம். நான் அலுவலகத்தில் எழுத்தர். நிர்வாகத்தார் விளையாட்டு மன்றத்தின் செயலாளர் பொறுப்பையும் என் தலையில் வைத்திருந்தார்கள். மலாயில் எழுத்தரைக் கிராணி என்பதால் எல்லோருக்கும் நான் 'கிராணி அண்ணே'. அவர் உற்பத்திப் பிரிவில் ஒரு வரிசைக்குத் தலைவி. எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. வேலை முடிந்ததும் வாகன நிறுத்துமிடத்தின் ஓரத்திலிருந்த சிமெண்டுத் தளத்தில் கூடைப்பந்து. பெண்கள் அணிக்கு அவரே தலைவி, அவரே பயிற்சியாளர். சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும் நிறைந்த அந்த அணியில் தமிழர் இருவர்தாம். அவரும், புஷ்பா என்ற இளம்பெண்ணும்.

அவருக்கு அழகின் மேல் பற்று இல்லை என்று யாராவது நினைத்தால் அது பெரும் பிழை. சோக்காக உடுத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மல்லிகைச் சரம் வாடியிருந்தால் சூடமாட்டார். சேலைக்கு ஏற்ற வளையல் இல்லாத நாளில் வெறுங்கையோடு வருவாரே தவிரப் பொருந்தாததைப் போடமாட்டார். நல்ல தோல் சப்பாத்து ஒன்றைக் கண்டால் மடியில் வைத்துத் தடவிப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். ஆனால் அதைக் காலில் போட்டுக்கொண்ட நொடியில் வேறு ஆளாகிவிடுவார்.

பினாங்கு ரோட்டில், கொம்தார் கோபுரம் நிமிர்ந்து தெரியும் தூரத்தில் ஒரு சப்பாத்துக் கடை இருந்தது. மாலை ஐந்துக்கு முன் அவர் அங்கே நுழையமாட்டார். நுழைந்தால், கடை முதலாளியான சீனத் தவுக்கே சுவரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். இவர் ஒரு சோடியை இரண்டு காலிலும் அணிந்து, கண்ணை மூடி நிற்பார். நுனிவிரலில் எழும்புவார். இரண்டு முறை குதிப்பார். வாசல்வரை நடந்து திரும்புவார். பிறகு குனிந்து, குழந்தையிடம் கேட்பதுபோல் தம் காலிடமே, "என்னா, சரியா?" என்று கேட்பார். அரிசி மணி அளவு அழுத்தம் இருந்தாலும் கழற்றிவிடுவார்.

"ரெண்டு நாள் போட்டா அது விட்டுக்குடுத்துடும், தங்கச்சி" என்று தவுக்கே சந்தைத் தமிழில் சமாதானம் சொல்வார்.

"அது விட்டுக்குடுக்காது தவுக்கே. என் காலுதான் விட்டுக்குடுக்கும்."

"அப்ப அழகு வேணாமா?"

"அழகு வேணாம்னு யாரு சொன்னா? அழகும் வரணும், நானும் கூட வரணும்லா."

சிம்பாங் அம்பாட்டில் அவருடைய உறவினர் ஒருவரின் திருமணம். நானும் போயிருந்தேன். பொன்னிறத்தில், உயர்ந்த குதி வைத்த காலணி அணிந்து வந்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அரை மணி கழிந்திருக்கும். மணமக்களுக்கு அட்சதை தூவ மேடையேறும் வரிசையில் நின்றவர், சட்டென்று குனிந்து இரண்டையும் கழற்றினார். கைப்பையைப் பிடிப்பதுபோல் ஒரு கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு படியேறினார். அவருடைய சித்தி பதறிப்போய், "என்னாடி இது, எல்லாரும் பாக்கறாங்க! மேடையில இருந்து எறங்கறவரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு நிக்கக் கூடாதா?" என்று காதோரம் சீறினார்.

"பல்லக் கடிச்சா ஃபோட்டோல பல்லுதான் சித்தி விழும்" என்றார் அவர்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. இருபது ஆண்டுகளாக நான் கூர்மூக்கு வைத்த கறுப்புத் தோல் சப்பாத்துதான் அணிந்து வந்தேன். அலுவலகத்துக்கு அதுவே கௌரவம் என்பது என் எண்ணம். வலது பாதத்தில் ஆணி விழுந்திருந்தது. யாருக்கும் தெரியாமல் மேசைக்கடியில் குதிகாலை வெளியே எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு நாள் விடுப்புப் படிவம் கொடுக்க வந்தவர், விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தார்.

"கிராணி அண்ணே, கீழ சப்பாத்து தனியா இருக்கு, காலு தனியா இருக்கு. ரெண்டுக்கும் சண்டையா?"

எனக்கு முகம் சுருங்கியது. என் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். கோபம் வந்தால் வீட்டுப் பேச்சுத்தான் வாயில் வரும். "அது என்ர பாடு, பிள்ளை. கொஞ்சம் நொந்தால் என்ன? பொறுக்கிறதுதானே மனுசருக்கு வடிவு!"

"வடிவு நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்று அந்தச் சொல்லை என் வாயசைவிலேயே திருப்பிச் சொல்லிச் சிரித்தார். "நடைதான் நல்லா இல்ல."

பொறுத்தலைப் பற்றி எனக்குத் திடமான கொள்கை இருந்தது. ஏழாண்டுகள் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவன். உடம்பின் நோவை அலட்சியம் செய்யத் தெரிந்தவனே பக்தன் என்று நம்பியிருந்தேன். அந்த அளவுகோலால் பார்த்தால் இந்தப் பெண்மணி சுகவாசி என்றே தோன்றியது.

அந்த எண்ணமும் ஒரு தைப்பூசத்தன்று குழம்பிப்போயிற்று. தண்ணீர்மலைக்குப் போகும் சாலை. வெயில் ஏறிவிட்டது. தார் கொதிக்கிறது. இரத ஊர்வலத்துக்காக உடைத்த தேங்காய்களின் ஓட்டுச் சில்லுகள் வழியெல்லாம் கிடக்கின்றன. மஞ்சள் சேலையில், தலையில் பால்குடத்தோடு அவர் வருகிறார். வெறுங்கால். ஒரு சில்லின் மேல் கால் பதிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். புருவம்கூட அசையவில்லை, குடத்தில் பாலும் தளும்பவில்லை. மலைப்படிகளை அதே நடையில் ஏறிப் போனார்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் கேட்டேன். "ஒரு சப்பாத்து கடிச்சால் ஊரைக் கூட்டுறாய். அண்டைக்கு ஓட்டை மிதிச்சுப்போட்டு வாயே திறக்கேல்லை. இது என்ன நியாயம், பிள்ளை?"

அவர் சிரிக்கவில்லை. "முருகனுக்குக் குடுக்கற வலி வேற அண்ணே. அது நான் வேண்டிக்கிட்டு, விரும்பிக் குடுக்கறது. சப்பாத்துக் கடைக்காரனுக்கு நான் எந்த நேத்தியும் வைக்கலியே."

எத்தனையோ விளக்கவுரைகள் படித்தவன் நான். அன்று வீடு திரும்பும்வரை அந்த வாக்கியத்தையே திருப்பித் திருப்பி ஓதிக்கொண்டிருந்தேன்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்ததன் காரணம். தொண்ணூறுகளின் தொடக்கம். தொழிற்சாலைகளுக்கிடையிலான போட்டியில் எங்கள் பெண்கள் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டார்கள். வென்றால் பினாங்கின் சார்பில் ஈப்போவில் ஆடலாம். அவருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. பினாங்குத் தீவை விட்டுக் கடலுக்கு அந்தப் பக்கம் போய் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. முன்பு ஒருமுறை வாய்ப்பு வந்தபோது தாயாருக்கு அறுவைச் சிகிச்சை. இனி அடுத்த ஆண்டை நம்ப முடியாது என்பதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. "இந்த வருசம் ஈப்போ. அப்புறோம் நான் வீட்டுல உக்காந்து வெத்தல மடிக்கறேன்லா" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மேலாளருக்கு ஓர் ஆசை பிறந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க ஆட்டக்காரர்கள் அணிந்த பழைய பாணிச் சப்பாத்துகளைப் புதிதாக வார்த்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். வெள்ளைத் தோல், கணுக்காலை மூடும் உயரம், பக்கத்தில் சிவப்புப் பட்டை, சிவப்பு லேஸ். இறுதியாட்டத்துக்கு எட்டுப் பேரும் அவற்றை அணிந்து வரவேண்டும், தொழிற்சாலைக்கு அது பெருமை என்றார். "கிளாசிக்" என்று அவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். அடுக்கடுக்கான தையலோடு அந்தச் சப்பாத்து, சின்னக் கோபுரம் ஒன்றைக் காலில் கட்டினாற்போல் இருந்தது.

அளவெடுப்பது என் பொறுப்பு. நல்ல காரியத்தை நல்ல வேளையில் தொடங்குவது என் வழக்கம். நாள்காட்டியைப் பார்த்தேன், காலை ஆறே முக்காலுக்கு நல்ல நேரம். ஷிஃப்ட் தொடங்குமுன் பெண்களை வரிசையாக வரச்சொல்லி, கணினித் தாளின் பின்புறத்தில் நிற்கவைத்து, ஒவ்வொரு பாதத்தையும் பென்சிலால் சுற்றி வரைந்து பெயர் எழுதினேன். அவ்வாரம் அவர் மட்டும் மதிய ஷிஃப்ட். அவருடைய அளவுதான் தவுக்கேக்கு மனப்பாடம் ஆயிற்றே என்று அவரை அழைக்கவில்லை. அன்றே கடைக்கு அனுப்பிவிட்டேன்.

பெட்டிகள் வந்த பிறகே அவர் விஷயத்தை அறிந்தார். என் மேசைமேலிருந்த தாள்களைப் புரட்டினார்.

"ரொம்ப அழகா வரைஞ்சிருக்கீங்க அண்ணே. எப்போ எடுத்தீங்க?"

"காலமை. ஆறே முக்காலுக்கு. நல்ல நேரம் பார்த்துத்தான்."

அவர் தாளைக் கீழே வைத்தார். "நல்ல நேரம் பாத்தீங்க. காலோட நேரத்தப் பாக்கலியே. இது தூங்கி எழுந்த காலு அண்ணே. ஆடப்போறது எட்டு மணி நேரம் நின்னு வீங்கின காலு. சாயங்காலத்துக் காலு வேற."

அதற்குள் உணவுக்கூடத்தில் திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. காலை வேளை ஆதலால் எல்லோருக்கும் சரியாகப் பொருந்தியிருந்தது. அணியின் மிக உயரமான பெண் ஸ்வீ லான், மேசைமேல் காலைத் தூக்கி வைத்து, "சந்திக்லா, காக்!" என்று கூவினாள், அழகாக இருக்கிறது அக்கா என்று மலாயில். அவரும் தம் சோடியை மடியில் வைத்துத் தடவினார். முகர்ந்தார். அவருடைய கண்ணில் ஆசை மின்னியதை நான் பார்த்தேன். பிறகு அணிந்து, கண்ணை மூடி நின்றார், குதித்தார், கழற்றினார்.

"முன்பக்கம் குறுகல். அடிப்பக்கம் பலகை மாரி இருக்கு. ஃபைனலுக்கு இது வேணாம்."

ஒரு நாள்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று ஸ்வீ லான் கெஞ்சினாள். எதிரணியும் இதே பாணியில் வாங்கியிருக்கிறதாம், நாம் மட்டும் பழசோடு போவதா என்றாள் இன்னொருத்தி. அப்போதுதான் புஷ்பா வாயைத் திறந்தாள்.

"வயசானா எந்தச் சப்பாத்து போட்டாலும் வலிக்கத்தான்கா செய்யும்."

அவர் புஷ்பாவைப் பார்த்தார். "ஆமாலா. எனக்கு முப்பத்தி நாலுன்னா காலுக்கும் முப்பத்தி நாலுதான். நீ தவழ்ந்துகிட்டு இருக்கும்போதே இது ஓடிக்கிட்டு இருந்திச்சி." குரலில் சிரிப்பு இருந்தது, முகத்தில் இல்லை.

செய்தி மேலாளருக்குப் போயிற்று. என்னை அழைத்தார். சப்பாத்தை அணிய விருப்பமில்லாதவர் தலைவியாக இருக்க வேண்டியதில்லை என்றார். ஈப்போவுக்கு யார் யார் போவது என்ற பட்டியலும் தம்மிடம்தான் வரும் என்று சொல்லியனுப்பினார். சிமெண்டுத் தளத்தில் தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பந்து கையிலேயே நின்றது.

"ஈப்போவும் போயிடுமா அண்ணே?"

"போகலாம், பிள்ளை. பேசாமல் போட்டுக்கொண்டு ஆடினால் என்ன? உனக்குத்தானே ஆசை?"

பந்தை ஒருமுறை தரையில் தட்டிப் பிடித்தார். பிறகு, "ஒரே ஒரு ப்ராக்டிஸ்" என்றார். "ஷிஃப்ட் முடிஞ்சி, எல்லாரும் இதப் போட்டுகிட்டு முழு ஆட்டம் ஆடட்டும். வலிக்குது, வலிக்கலன்னு ஒருத்தரும் பேசக் கூடாது. முடிஞ்சதும் அதே தாள்ல நீங்க திரும்ப வரையுங்க. அதுக்கப்புறமும் அவளுங்களுக்கு வேணும்னா, நானும் போட்டுகிட்டு வர்றேன்."

மறுநாள் மாலை ஆடினார்கள். வெள்ளைச் சப்பாத்துகள் சிமெண்டில் பளிச்சிட்டன. முதல் பாதியில் சிரிப்பு. பின்பாதியில் பேச்சு நின்றது. நிபந்தனைக்காக நின்றதா என்று எனக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் நான் தரையில் தாள்களை விரித்து முழந்தாளிட்டேன். கையில் சிவப்புப் பென்சில். வாழ்நாளெல்லாம் திருவடிகளைப் பாடிய நாவு அன்று உலர்ந்து கிடந்தது. நாள் முழுவதும் நின்று, பின் ஓடி, சிவந்து வெப்பம் கக்கும் பாதங்கள் ஒவ்வொன்றாக என் முன் வந்து நின்றன. காலையில் வரைந்த கருங்கோட்டுக்குள் ஒன்றுகூட அடங்கவில்லை. சிவப்புக் கோடு எல்லாத் தாளிலும் வெளியே ஓடியது. சுண்டுவிரல் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரு பென்சில் தடிமனுக்கு.

"இது என் காலா?" என்று ஸ்வீ லான் மலாயில் முணுமுணுத்தாள்.

புஷ்பா மட்டும் காலுறையைக் கழற்றவில்லை. அவரே போய் அவள் முன் உட்கார்ந்து மெல்ல உருவினார். குதிகாலில் தோல் வழண்டு, உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தம் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நனைத்து நனைத்துப் பிரித்தார். புஷ்பா அழத் தொடங்கினாள்.

"முதல் பத்து நிமிசத்துலயே பிச்சிகிட்டிருக்கும். ஏண்டி சொல்லல?"

"பேசக் கூடாதுன்னீங்க... அப்புறோம், நான் சொன்னத திருப்பிச் சொல்லிச் சிரிப்பீங்கன்னு..."

"போடி மக்கு. நான் பேசாதன்னாலும் வலிச்சா சொல்லணும். சொன்னா யாரும் கொறஞ்சி போயிட மாட்டாங்க." அந்தப் பாதத்தைத் தம் மடியில் வைத்துக்கொண்டு, அழுகை ஓயும்வரை விசிறினார். சற்று முன் நான் வரைந்த தாளே விசிறி.

தாள்களை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். அளவு தவறு, தவறு என்னுடையது என்று சொன்னேன். இருபத்தைந்து ஆண்டு வேலையில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் சொன்னது அதுவே முதல்முறை. ஆடிய சப்பாத்துகளைக் கடை திரும்ப எடுக்காது. எதையாவது போட்டு ஆடட்டும். ஆனால் தலைவி ஸ்வீ லான்தான் என்றார் மேலாளர். சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது அவருக்கும் அத்தனை சுலபமாக இருக்கவில்லை போலும்.

நான் போய் அதைச் சொன்னதும் எங்கள் பெண்மணி, "பேரு யாருக்கு வேணா போவட்டும் அண்ணே. காலு எங்களுதுலா" என்றார். தலையைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஜெலுத்தோங்கில் அவர் வீட்டுக்குப் போனபோது, மாடி நடைவழியின் குட்டைச்சுவர்மேல் எட்டுச் சோடிப் பழைய சப்பாத்துகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் பள்ளிப் பிள்ளைகள் பூசும் வெள்ளை பூசியிருந்தது. பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, அந்தப் புதுச் சப்பாத்துகளின் சிவப்பு லேஸ்களை உருவிப் பழையவற்றில் கோத்துக்கொண்டிருந்தார்கள். விரலெல்லாம் வெள்ளை. ஸ்வீ லான் ஒரு சோடியைத் தூக்கிக் காட்டி, "சந்திக், அங்கள்?" என்றாள். உண்மையாகவே அழகாக இருந்தது.

இறுதியாட்டம் நகரத்து உள்ளரங்கம் ஒன்றில், வேலை நாளின் மாலையில் நடந்தது. எதிரணியினர் எட்டுச் சோடிச் சின்னக் கோபுரங்களைக் காலில் கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பெண்களின் காலைப் பார்த்து, "பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்று யாரோ கத்த, ஒரு பக்கம் முழுவதும் சிரித்தது. "விட்டாச்சி. பாடம் நடத்த வந்திருக்கோம்" என்று அவர் திருப்பிக் கத்தினார்.

முதல் பாதியில் நாங்கள் பின்தங்கினோம். மூன்றாம் கால்பகுதியில் எதிரணிப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து லேஸைத் தளர்த்தத் தொடங்கினார்கள். எங்கள் பெண்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் புள்ளிகள் சமம். அப்போது பந்துக்காக எம்பிய அவர் இறங்கும்போது ஒருத்தியின் காலை மிதித்துக் கணுக்கால் மடங்கிற்று. எழுந்தார். இரண்டடி ஓடினார். பிறகு கையை உயர்த்தினார்.

செயலாளன் என்ற முறையில் மாற்று ஆட்டக்காரரைக் கேட்கவேண்டியவன் நான். எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று தலையசைத்தேன். ஆட்டம் நின்றதும் ஓரத்துக்கு வந்தார்.

"வலிக்குது அண்ணே. புஷ்பாவ விடுங்க."

"ரெண்டு நிமிசந்தானே பிள்ளை! ஈப்போ பிள்ளை! பொறுக்க ஏலாதோ?"

"பொறுத்துக்கலாம். ஓட முடியாது."

அவ்வளவுதான். நான் மேசைக்குப் போய்ச் சொன்னேன். குதிகாலில் கட்டுப் போட்டிருந்த புஷ்பா எழுந்தாள். தம் இடத்துக்கு அவளை அனுப்பும்போது அவர் அவள் காதில் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முப்பது நொடி மீதமிருக்கையில் புஷ்பா ஒரு பந்தைத் தட்டிப் பறித்து எறிந்தாள். ஸ்வீ லான் அதைக் கூடைக்குள் போட்டாள். எங்கள் பெண்மணி இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தார்.

மூன்றாம் நாள் ஸ்வீ லான் என் மேசைக்கு வந்தாள். ஈப்போவுக்கு அனுப்பவேண்டிய படிவம் அவள் கையில் இருந்தது. கிண்ணம் வாங்கிய தலைவி அவள். யாரும் அவளைக் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். 'அணித்தலைவர்' என்ற கட்டத்தில் அவள் பென்சிலால் வேறொரு பெயரை எழுதியிருந்தாள். கீழே ஏழு பேரும் கையெழுத்திட்டிருந்தார்கள். தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகி, அந்தப் பெயரைப் பெரிய எழுத்துகளில் அடித்தேன். மேலாளர் அக்கட்டத்தின்மேல் பேனாவை ஒரு கணம் நிறுத்தினார். பிறகு கையெழுத்திட்டார்.

ஈப்போவில் நாங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு அவர் ஆடியது ஏழு நிமிடம். அதற்குமேல் வலித்தது, சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆனால் நான் நினைவில் வைத்திருப்பது ஆட்டம் தொடங்குமுன் நடந்ததை. நடுவர், கைகுலுக்கத் தலைவிகள் இருவரையும் மைய வட்டத்துக்கு அழைத்தார். அரங்கம் நிறைய ஆட்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் இளம்பெண் துள்ளலோடு புறப்பட்டாள். பத்தடி தூரம்தானே, நொண்டாமல் நடந்துவிடு என்று நான் இவருக்குச் சைகை காட்டினேன். பார்த்தார், புன்னகைத்தார். பிறகு தலை நிமிர்த்தி, தோள் தளராமல், ஒளிக்காமல் நொண்டிக்கொண்டே மையத்துக்குப் போனார். வேறு யாரெல்லாம் எழுந்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை; நான் எழுந்து நின்றிருந்தேன்.